உன் தேதிக்கு ஐம்பது நாள் முன்னால்

இன்று காலை உன் மகன் செல்வம் ஒரு பெட்டித் திராட்சையை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டுப் போனான். பெட்டிக்குள் செய்தித்தாள் விரித்து, காம்பு மேலே பார்க்கக் கொத்துக் கொத்தாக அடுக்கியிருக்கிறான், நீ அடுக்குவதைப் போலவே. அறை முழுக்கப் பன்னீர்த் திராட்சையின் மணம். மதியம் ஆகிவிட்டது. நான் இன்னும் ஒரு பழத்தைக்கூட வாயில் போடவில்லை.

இந்த மணம் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு மட்டும் இதற்கு அடியில் இன்னொரு வாசனை வருகிறது. இதே பழம் பந்தலிலேயே வெடித்து, சாறு வழிந்து, ஈ மொய்த்துப் புளித்தால் எப்படி நாறும் என்பதை ஆறு வருடம் முன்னால் ஒரு கார்த்திகையில் நம் ஊரே முகர்ந்தது. உன் நினைவு என்றால் எனக்கு அந்தப் புளிப்புதான். நீ இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. உனக்கு நல்லவிதமாக நாலு வரி எழுதலாம் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

வரிசைப்படி என்றால் பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். கம்பம் பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. உலகப் படத்தில் கடல் நீரோட்டங்களைக் குறிக்கச் சொன்னார்கள். சூடான நீரோட்டத்துக்குச் சிவப்பு அம்பு, குளிர்ந்ததற்கு நீல அம்பு. பெரு நாட்டின் கரையை ஒட்டி நீலம் போட வேண்டிய இடத்தில் நான் தவறுதலாகச் சிவப்பைப் போட்டுவிட்டேன். நீ என் படத்தைப் பார்த்து எழுதினாய். தப்பையும் சேர்த்து எழுதினாய். இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்ததால் ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார். யார் யாரைப் பார்த்தது என்று கேட்டார். நீ எழுந்து என்னைக் கை காட்டினாய். "இவன்தான் சார் எட்டி எட்டிப் பாத்தான்." எனக்கு இரண்டு அடி விழுந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் நீ எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தாய். அதையும் மறுக்காமல் குடித்தேன்.

பிறகு பல வருடம் கழித்து, புவியியல் ஆசிரியராகி, அந்தப் படத்தையே மாணவர்களுக்கு வரையும்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. சில வருடங்களில் பெருவின் கரையோரம் உண்மையிலேயே சூடாகிறது. அந்த வருடங்களில் பசிபிக் கடலின் இரு முனைகளிலும் காற்றழுத்தம் இடம் மாறி, அதன் விளைவு நம் மேற்குத் தொடர்ச்சி மலைவரை வருகிறது. நான் போட்ட சிவப்பு அம்பு எல்லா வருடத்துக்கும் தப்பு என்று சொல்ல முடியாது. இதை உன்னிடம் சொன்னேன். "அப்ப நீ வாங்குன அடிய ஆசிரியர்ட்ட திருப்பிக் கேளு" என்று சிரித்தாய்.

நான் வாத்தியாரானேன், நீ திராட்சைக்காரனானாய். பத்து ஏக்கர் பந்தல், சங்கத் தலைவர் பதவி, எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். நம் ஊரில் கொடியின் பழைய கிளையை நறுக்கிக் கவாத்து வெட்டுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. அதை ஏற்படுத்தியவர் உன் அப்பா, கெட்டியாக்கியவன் நீ. கொடியைக் கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நூற்றிருபது நாளில் பழம் பறிக்கலாம். ஆடிப் பதினெட்டில் வெட்டினால் கார்த்திகை நடுவில் பழம். அப்போது மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் தேனி, கம்பம், குமுளி வழியாக வண்டி வண்டியாகப் போவார்கள். சாலையோரம் கொட்டகை போட்டால் பழம் நிற்காமல் ஓடும். ஆகவே ஆடிப் பதினெட்டு. முதல் கொடியில் தலைவர் கத்தரி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் முதல் வெட்டு. அது விழாமல் ஊரில் எவரும் கத்தரியை எடுப்பதில்லை. கவாத்து ஆட்களும் உன் காட்டில் தொடங்கித்தான் வரிசையாக அடுத்தடுத்த காட்டுக்குப் போவார்கள். நாற்பது குடும்பத்தின் பழம் உன் ஒருவன் கைக்குக் கட்டுப்பட்டிருந்தது.

ஆறு வருடம் முன்னால் வைகாசியில், உன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். ஓய்வு பெற்றதிலிருந்து மொட்டை மாடியில் மழைமானி. மாதா மாதம் கடல் வெப்ப அறிக்கைகளைப் பார்த்து நோட்டில் குறிப்பு. அன்று நோட்டையும் கொண்டு வந்திருந்தேன். ஆப்பிரிக்காவை ஒட்டிய கடல் சூடாகிக்கொண்டிருந்தது. சுமத்ரா பக்கம் குளிரத் தொடங்கியிருந்தது. சூடான நீரின்மேல் காற்று இலேசாகி மேலே எழும். அங்கே அழுத்தம் குறையும். குளிர்ந்த பக்கம் காற்று கனத்துக் கீழே இறங்கும். அங்கே அழுத்தம் கூடும். கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும்போது ஈரத்தையும் கிழக்கிலிருந்து இழுத்துக்கொண்டு வரும். வழியில் நாம் இருக்கிறோம். அதோடு பசிபிக்கும் சூடேறிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வருடங்களில் ஆனி, ஆடியில் கேரள மலையில் மழை தளரலாம்; ஆனால் ஐப்பசி, கார்த்திகை நம் பக்கம் கொட்ட வாய்ப்பு அதிகம். இவ்வளவையும் ஒரு கொய்யாக் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினேன்.

"ஆடிப் பதினெட்டு வேண்டாம். இந்த வைகாசி முடியறதுக்குள்ள வெட்டிடு. புரட்டாசிக் கடைசில பழத்தை எடுத்துடலாம். மழைக்கு முன்னால வீட்டுக்கு வந்துடும்" என்றேன்.

"எம்புட்டு நிச்சயம்?" என்று கேட்டாய்.

அங்கேதான் நான் தோற்றேன். "பத்துக்கு ஆறு" என்றேன். வேறு எவனாக இருந்தாலும் நிச்சயம் என்று சொல்லியிருப்பான். எனக்கு வரவில்லை. வைகாசியில் இருந்துகொண்டு கார்த்திகையைப் பற்றி அதற்குமேல் சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது. கடல் வருடத்துக்கு வருடம் மொத்தமாகவே சூடேறிக்கொண்டிருக்கிறது. அழுத்த மண்டலங்கள் பழைய இடத்தில் பழையபடி நிற்பதில்லை. நான் கணக்குப் போடுவதோ பழைய கடலை வைத்து. அந்த ஆறே அதிகமோ என்று எனக்கு அன்றும் சந்தேகம் இருந்தது.

"ஏலே வாத்தி, பத்துக்கு ஆறுன்னா மிச்சம் நாலு எந்த ஊருக்குப் போகும்?" என்றாய். உன் மோட்டார் அறைக்குப் பின்னால் யாரோ சிரித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் தென்படவில்லை.

ஆனி பிறந்தது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் கடந்து நம் பக்கம் இறங்கும் லோயர் கேம்ப்பில் வரத்து சொற்பமாக இருந்தது. நீ உன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாய். வாய்க்காலின் பாதிச் சுவர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "பாத்தியா, பெரியாறே வத்திக் கெடக்கு. நீ வெள்ளம் வரும்ங்கிற." இந்தத் தப்பை நம் பள்ளத்தாக்குக்காரன் மட்டும்தான் செய்வான். வேறு ஊர்க்காரன் வருடம் எப்படி என்று தெரிந்துகொள்ள வானத்தைப் பார்ப்பான். நாம் லோயர் கேம்ப்பைப் பார்ப்போம். அங்கே வருவது மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குக் காற்று கொண்டுவந்து போட்ட தண்ணீர். ஐப்பசியில் நம் தலையில் விழப்போவது வேறு கடலிலிருந்து வரும் வேறு மழை. வாய்க்கால் வற்றியிருப்பதே என் கணக்குக்கு ஒரு சான்று என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டாய். சத்தத்தை மீறிப் பேச எனக்குக் குரல் போதாது.

ஆடிப் பதினெட்டில் வெட்டினாய். ஊரே வெட்டியது. கார்த்திகை இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விடவில்லை. நிறம் ஏறி, தோல் மெலிந்து, பறிப்புக்கு நாலைந்து நாளே இருந்த பழம். வேர் குடித்த தண்ணீர் பழத்துக்குள் ஏறியது. கொத்துக் கொத்தாக வெடித்தன. பத்தாம் நாள் வெயில் அடித்ததும் அந்த வாசனை கிளம்பியது.

சங்கக் கொட்டகையில் கூட்டம் போட்டாய். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஆட்கள் கொதித்துப் போயிருந்தார்கள். தேதியை யார் வைத்தது என்று ஒருவன் கேட்டான். நீ மெதுவாக எழுந்தாய். உன் குரல் அன்று தணிந்து இருந்தது. அதனால் இன்னும் நன்றாகக் கேட்டது.

"நான் என்ன வானத்துலயா இருக்கேன்? படிச்ச மனுசன்கிட்ட கேட்டுத்தான் தேதி வச்சேன். வாத்தியாருதான் இந்த வருசம் மழை பெருசா இருக்காதுன்னாரு. கடலையெல்லாம் பாத்துட்டேன், பயப்படாம வெட்டுன்னாரு. நம்புனேன். என் தப்புத்தான்."

நான் பாதி எழுந்தேன். நீ என்னைப் பார்த்து, "சொல்லுய்யா, கடலுக்குள்ள எறங்கிப் பாத்தியா, கரையில நின்னு பாத்தியா?" என்றாய். அவ்வளவு கோபத்திலும் கொட்டகை சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. அந்த நொடியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் சொன்னதை நீ அப்படித்தான் புரிந்துகொண்டாயோ, ஆறு என்பதை நாலு என்று உளறிவிட்டேனோ என்று. வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தேன். வைகாசியில் என் கையெழுத்தில் இருந்தது: கனமழை, பத்துக்கு ஆறு, முன்கூட்டி வெட்டச் சொன்னேன். நாலைந்து முறை படித்தேன். அந்த நோட்டை எவருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் போதும். இத்தனை வருடம் ஒவ்வொரு நாளும் இதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் கடல் வாத்தியார் ஆனேன். டீக்கடையில், பால் சொசைட்டியில், கோயில் வாசலில். "கடல் வாத்தியாரே, துணி காயப்போடலாமா?" என்று கேட்டார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பேச்சியம்மாள்தான் பழகவில்லை. அவளுக்கு முக்கால் ஏக்கர் பந்தல் இருந்தது. அந்த மழைக்குப் பிறகு நோய் விழுந்து, மருந்தடிக்க வழியில்லாமல், அவள் புருஷன் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டார். அன்றிலிருந்து அவள் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். விடிந்ததும் ஜீப்பில் கம்பமெட்டு மலை ஏறி, மாலையில் இறங்குகிறாள். என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

நீ அதற்குப் பிறகும் என் வீட்டுக்கு வந்தாய், காப்பி குடித்தாய், பேரனின் காதுகுத்துக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாய். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என்றாவது கேட்பேன் என்று வைத்திருந்தேன். கேட்க வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்து, திருத்தி, மறுபடி திருத்தி வைத்திருந்தேன். தை மாதம் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். உன் தலைமாட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். உசுருத் தோழரு என்றார்கள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை. தப்பித்துவிட்டாயே என்றுதான் இருந்தது.

இந்த வருடம் வைகாசி முதல் வாரம் செல்வம் வந்தான். ஒரு துணிப் பையிலிருந்து உன் கவாத்துக் கத்தரியை எடுத்து மேசையில் வைத்தான். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான்.

"மாமா, இந்த வருசம் மொத வெட்டு நீங்கதான். அப்பா படத்த வச்சு, அப்பா தேதியிலேயே. ஆடிப் பதினெட்டு. சங்கத்துலயும் பேசிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாக."

அவன் போனபிறகு நோட்டைத் திறந்தேன். திறக்காமலே தெரியும். மேற்கே கடல் சூடு, கிழக்கே குளிர்ச்சி, பசிபிக்கும் ஏறுமுகம். ஆறு வருடம் முன்னால் இருந்த அதே அமைப்பு, இன்னும் கொஞ்சம் சூடாக.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இப்படி ஒரு வாய்ப்பு என்னைப் போன்ற கோழைக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். பழிவாங்க நான் எதுவுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது எனக்குக் கைவந்த வேலை. ஆடிப் பதினெட்டில் உன் படத்துக்கு முன்னால், உன் கத்தரியால், உன் தேதியில் வெட்டுவேன். கார்த்திகையில் உன் பத்து ஏக்கரும் வெடித்து வழியும். உன் பெயர் அந்தச் சேற்றில் கிடக்கும். அந்தக் காட்சியை நினைத்து இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டேன். என்ன விசேஷம் என்று என் மனைவி கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை மழைமானியைத் துடைக்கும்போது இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, கொடி வெடித்தால் ஊர் உன்னைத் திட்டாது. கத்தரி பிடித்த என் கையைத் திட்டும். இரண்டு, நீ இறந்தவன். உனக்குப் பழம் வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன? உனக்கு வலிக்கக்கூடிய இடம் ஒன்றுதான் மிச்சம், அது உன் பெயர். அதைத் தொட வேண்டும் என்றால் நான் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். நல்ல மனதால் நான் பேசவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்வத்திடம் கூட்டம் போடச் சொன்னேன். அதே கொட்டகை. உன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நோட்டை எடுத்துப் போயிருந்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தபால் அட்டையில் எழுதி வைத்திருந்தேன், வரிசை தவறாமல் பார்த்துப் படிக்க. படித்தேன். அந்த வைகாசியில் கிணற்று மேட்டில் நான் சொன்னது இது, கார்த்திகையில் இங்கே அவன் சொன்னது இது, இரண்டாவது பொய். நோட்டை விரித்து முன்வரிசையில் கொடுத்தேன். "மழை வரும்ங்கிறது இந்த வருஷமும் பத்துக்கு ஆறுதான். அவன் பொய் சொன்னான்ங்கிறது பத்துக்குப் பத்து" என்றேன். ஆறு வருடமாகத் திருத்தி வைத்திருந்த வாக்கியம் அதுதான்.

கொட்டகை அதிரும் என்று எதிர்பார்த்தேன். நோட்டை வாங்கியவர் அதைப் பார்க்காமலே அடுத்தவரிடம் தள்ளினார். இரண்டாவது வரிசையில் தவசி எழுந்தார். உனக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறாரே, அவர்தான்.

"அது தெரிஞ்சதுதான வாத்தியாரே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க குச்சிய வச்சுக் கோடு போட்டு அவருட்டச் சொன்னப்ப நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால அங்கனதான ஒக்காந்திருந்தேன். நாலு எந்த ஊருக்குப் போகும்னு கேட்டாருல்ல, சிரிச்சது நான்தான். பெறகு நாலஞ்சு பேருகிட்டச் சொல்லியும் இருக்கேன்."

"அப்ப அன்னைக்கு ஏன் எந்திரிச்சுச் சொல்லல?"

"நீங்களே ஒக்காந்துட்டீக. நான் எதுக்கு எந்திரிக்க? அவரு தலைவரு. தண்ணி பாய்ச்சவும் மருந்தடிக்கவும் அவரு காட்டு வழியாத்தான் நான் போகணும்."

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவன் உன் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கும் தெரியும் மாமா. அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அம்மாட்டச் சொன்னாரு. வாத்தி எந்திரிச்சு என்னைய நாலு வாங்கு வாங்குவான்னு பயந்துக்கிட்டே நின்னேன், அவன் பாட்டுக்கு ஒக்காந்துட்டான், பொழச்சேன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

சிரித்துக்கொண்டே. அந்த ஒரு சொல்லை அவன் சேர்க்காமல் இருந்திருக்கலாம். நீ பயந்துகொண்டு நின்றாய் என்பதை இத்தனை நாளில் நான் ஒருமுறையும் யோசித்ததில்லை. நான் இன்னும் அரை அடி எழுந்திருந்தால் போதுமாம். ஆனால் இதனால் உன் குற்றம் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. திருடனுக்குக் கதவு திறந்திருந்தது என்பதால் திருட்டு இல்லாமல் போகாது. என் கதவைத் திறந்து போட்டவன் நான். அதற்கான தண்டனையை நான் அனுபவித்தாயிற்று. நீ எதையும் அனுபவிக்கவில்லை.

"அதெல்லாம் போகட்டும் வாத்தியாரே. இப்ப எப்ப வெட்டணும், அதச் சொல்லுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். உன் பெயரைக் கெடுக்க வந்தவனிடம் அவர்கள் தேதி கேட்டார்கள். உன் பெயர் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. என் பெயரும்தான்.

சொன்னேன். கடலைச் சொன்னேன், அழுத்தத்தைச் சொன்னேன், லோயர் கேம்ப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று சொன்னேன். பத்துக்கு நாலு நான் தப்பாகவும் இருக்கலாம், அப்படியானால் ஐயப்ப சீசனில் நல்ல பழத்தை இழந்தவர்கள் ஆவீர்கள் என்பதையும் சொன்னேன். ஒருவன், "நாலையும் இவரே சொல்லிப்புடுறாரு, பெறகு எப்படி நம்புறது" என்றான். வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் நாற்பது குடும்பத்தில் பதினாறு பேர் முன்கூட்டி வெட்டச் சம்மதித்தார்கள். தவசி சம்மதிக்கவில்லை. செல்வம் பாதியாகப் பிரித்தான். கிணற்றுக்கு மேற்கே இப்போதே, கிழக்கே அப்பா தேதியில்.

வைகாசி முப்பத்தோராம் தேதி முதல் வெட்டை நான் வெட்டினேன். உன் தேதிக்கு ஐம்பது நாள் முன்னால், உன் கத்தரியால். எந்தக் கணுவில் வெட்டுவது என்று தெரியாமல் நல்ல மொட்டு இரண்டையும் சேர்த்து நறுக்கிவிட்டேன். "மாமா, அது காய்க்கிற கணு" என்று செல்வம் என் கையைப் பிடித்து நகர்த்தினான். கவாத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அந்தக் கொடியில் என் தப்பு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பாதியின் பழம்தான் என் முன்னறையில் இருக்கிறது.

ஒன்று பாக்கி இருந்தது. பேச்சியம்மாள் கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. கொடி இல்லாதவளை யார் கூப்பிடுவார்கள்? யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நான்கு மாதம் இருந்தேன். யாரும் சொல்லவில்லை. முந்தாநாள் மாலை ஜீப் திரும்பும் நேரத்துக்குப் போய் நின்றேன். அவள் தூக்குவாளியோடு இறங்கினாள். வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள்.

"பேச்சி, ஒரு நிமிஷம் நில்லும்மா" என்றேன்.

நின்றாள். சொன்னேன். தபால் அட்டை இல்லாமலே சொன்னேன், வைகாசியிலிருந்து கார்த்திகைவரை. அவள் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். கூட இறங்கிய பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள்.

"இத எப்ப வந்து சொல்றீக?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"அவுக இருக்கும்போது சொல்லியிருந்தீகன்னா அவுக வாசல்ல போயி நின்னு மண்ண வாரித் தூத்தியிருப்பேன். நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் சோத்துல கைய வைக்கும்போது ஒங்களத்தான் வையுறாரு. நானும் கூடச் சேந்து வையுறேன். ஆறு வருசம் வைஞ்சு பழகிப்போச்சு. இப்ப வந்து ஆள மாத்துன்னா எப்படி மாத்துறது? அதுவும் செத்த ஆளு மேல? என் கோவத்தப் பூராம் வீணாக்கிப்புட்டீகளே வாத்தியாரே" என்றாள்.

அவள் குரலில் சூடே இல்லை. களைப்புதான் இருந்தது. ஏலக்காய் வாசனை அடிக்கும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். என்னை முகம் பார்த்துப் பேசினாள் என்பதுகூட அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் வாழ்க்கையில் நீ எடுத்துக்கொண்டவற்றை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அந்த வரிசையில் இது இல்லை. உன்மேல் அவள் பட்டிருக்க வேண்டிய கோபத்தை, நீயும் நானும் சேர்ந்து அவளிடமிருந்து பறித்திருக்கிறோம். நீ பொய்யால், நான் மௌனத்தால். இனி அவளால் அதைப் பட முடியாது. அவளுக்கு விடிந்தால் ஜீப் ஏற வேண்டும். ஆகவே அவள் பங்கையும் நானே வைத்துக்கொள்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது. நான் முறையாகச் செய்கிறவன், மறக்க மாட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று யாராவது உன் படத்துக்கு முன்னால் வந்து சொன்னால் நம்பாதே, அது நானாக இருக்காது.

தினமும் காலையில் உன் காட்டு வழியாக நடக்கிறேன். கிணற்றுக்குக் கிழக்கே, உன் தேதியில் வெட்டிய பந்தலில் காய் பட்டாணி அளவைத் தாண்டிவிட்டது. இன்னும் பச்சை, இன்னும் கல். செல்வம் நல்ல பையன். தவசிக்கும் பேரன் பேத்தி உண்டு. அவர்கள் பழம் கெடக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே நின்று கிழக்கே பார்க்கிறேன், மேகம் கறுக்கிறதா என்று. கறுக்க வேண்டும் என்றுதான் பார்க்கிறேன்.